முப்பது வயதில் குழந்தைகள் வார்டு வாசலில்

டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ என்னும் பிறவி இதயக் குறைபாட்டுக்கு 1996-ல் சென்னையில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்குப் போகும் பாதையை அகலப்படுத்தி, "இனிமேல் பயமில்லை" என்று என் பெற்றோரிடம் சொல்லி அனுப்பினார்கள். இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கும் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழியில் உள்ள நுரையீரல் வால்வு கசிந்துகொண்டே இருக்கும், இதயத்தின் வலது கீழறை ஆண்டுக்கணக்கில் விரிந்துகொண்டே போகும் என்பதை அன்று யாரும் சொல்லவில்லை.

மாடிப்படியில் மூச்சு வாங்கியபோது எங்கள் ஊர் இதய மருத்துவரிடம் போனேன். எக்கோ பார்த்துவிட்டு, "இது குழந்தைகள் டாக்டர் பார்க்கவேண்டிய கேஸ்" என்றார். அங்கே போனால் நர்ஸ் என் பின்னால் எட்டிப் பார்த்து, "குழந்தை எங்கேம்மா?" என்று கேட்டார். நான்தான் நோயாளி என்றேன். பதினெட்டு வயதைத் தாண்டியவருக்குச் சீட்டுப் போட முடியாது என்று கவுன்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரியவர்களின் பிறவி இதய நோய்க்கென்றே தனி ஓ.பி. நடத்தும் மருத்துவரைத் தேடிப் பிடிக்கும்வரை இந்தப் பந்தாட்டம் ஓயவில்லை. போனில் கேட்கும்போதே "பெரியவர்களுக்கும் பார்ப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள், அலைச்சல் மிச்சம்.

அவர் முதலில் கேட்டது ஆபரேஷன் குறிப்பை. பாதையை அகலப்படுத்தும் ஒட்டை வால்வின் குறுக்கே போட்டார்களா என்பது அதில்தான் இருக்கும். பழைய மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மூன்று வருஷத்துக்கு மேல் எதையும் வைத்திருக்க மாட்டோம்" என்றார். மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகள் கட்டாயமாக்குவதும் அந்த மூன்று ஆண்டுகளைத்தான். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஆகவே குழந்தைக்கு இப்போது ஆபரேஷன் செய்பவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது.

வெளியே வந்த என்னிடம் ஒரு வயதான ஊழியர், "தியேட்டர் ரிஜிஸ்டரைக் கேட்டுப் பாரும்மா, அதை யாரும் கழிக்க மாட்டார்கள்" என்று மெதுவாகச் சொன்னார். அறுவை சிகிச்சைத் துறை அலமாரியில், பைண்டிங் பிய்ந்த நோட்டில், என் பெயருக்கு எதிரே ஒரே ஒரு வரி இருந்தது. ஒட்டுப் போட்ட விவரமும் அதில் இருந்தது. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது இதய எம்.ஆர்.ஐ. ஆபரேஷனின்போது மார்பெலும்பைச் சேர்த்துக் கட்டிய கம்பி இருப்பதாகச் சொல்லி ஸ்கேன் மையம் முதலில் மறுத்தது. அந்தக் கம்பியால் ஆபத்தில்லை என்று மருத்துவர் கடிதம் கொடுத்த பிறகே எடுத்தார்கள். வந்த ரிப்போர்ட்டில் பக்கம் பக்கமாக இடது கீழறை. எனக்குத் தேவையான வலது கீழறையின் கொள்ளளவு ஒரு வரிகூட இல்லை. அத்தனை பணத்தையும் வாங்கிக்கொண்டு இப்படிச் செய்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நல்லவேளையாக ஸ்கேன் படங்களைப் பதிந்து கொடுத்த சி.டி. (டிஸ்க்) கையில் இருந்தது, அந்தப் படங்களிலிருந்தே மருத்துவர் வலது பக்கத்தைக் கணக்கிட வைத்தார். வால்வுக் கசிவின் அளவை மட்டும் எடுக்க முடியவில்லை, அதற்கான படங்களையே அவர்கள் பதிவு செய்யவில்லை. வலது கீழறைக் கொள்ளளவு, நுரையீரல் வால்வுக் கசிவு இரண்டையும் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். பணம் கட்டும் முன் அங்கே காட்டி உறுதி செய்யுங்கள்.

வலது கீழறை விரிந்திருக்கும்போது அதன் கொள்ளளவு, உடல் பரப்பளவில் சதுர மீட்டருக்கு 160 மில்லிலிட்டரைத் தாண்டினால் வால்வு மாற்றுவது பற்றிப் பேசவேண்டும் என்றார் மருத்துவர். எனக்கு 142. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், அடுத்த ஆண்டு மறுபடியும் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.