ராய்ஸ் போட்ட படம்

மென்பொருள் எழுதுவதில், ஒரு கட்டத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வாட்டர்ஃபால்தான் ஒழுங்கு, சின்னச் சின்னச் சுற்றுகளாகக் கட்டிப் பயனரிடம் காட்டிக்கொண்டே போகும் அஜைல் என்பது அவசரக்காரர்கள் வேலை என்று பேசுகிற மேனேஜர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் மென்பொருள் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையைப் படிக்கச் சொல்வேன். தேவைகள், ஆய்வு, டிசைன், கோடிங், டெஸ்டிங் என்று படிக்கட்டாக இறங்கும் அந்தப் பிரபலமான படம் அதில்தான் இருக்கிறது. படத்தைப் போட்ட கையோடு, இதை இப்படியே செய்வது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்றும் ராய்ஸ் எழுதிவிட்டார். பலர் படத்தோடு நின்றுவிட்டார்கள்.

நான் டெஸ்டர். அதனால் அவர் சொல்லும் காரணம் எனக்கு நன்றாகவே புரிகிறது. வேகம், நினைவகம் எல்லாம் அதுவரை தாளில் போட்ட கணக்குதான். நிஜத்தில் எப்படி ஓடுகிறது என்று முதன்முதலில் தெரிவதே டெஸ்டிங்கில். அது கடைசியில் வருகிறது. அங்கே பிசகினால் டிசைன் வரைக்கும், ஏன், தேவைகள் வரைக்கும்கூடத் திரும்பிப் போகவேண்டும். செலவும் காலமும் இரண்டு மடங்காகலாம் என்கிறார். முதலில் சின்னதாக ஒன்றைக் கட்டிப் பார்த்துவிடுங்கள், 30 மாத வேலை என்றால் அதற்குப் 10 மாதம் ஒதுக்கலாம் என்பது அவர் யோசனை.

நான் வேலை பார்த்த ஒரு இன்சூரன்ஸ் புராஜெக்டில் தேவை ஆவணம் அத்தனை சுத்தமாக இருந்தது. எல்லாரும் சைன்-ஆஃப் கொடுத்திருந்தார்கள். பயனர்களே ஓட்டிப் பார்க்கும் கடைசிச் சோதனையான யூஏடி அன்று கிளெய்ம் பிரிவில் இருந்த ஒரு அம்மா திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இறப்புச் சான்றிதழ் இன்னைக்குக் கொண்டு வருவாங்க, பாஸ்புக் அடுத்த வாரம் வரும். அதுவரைக்கும் இதை எங்க வைக்கிறது?" பாதி நிரப்பிய படிவத்தைச் சேமிக்க வழியே இல்லை. எல்லாம் கட்டாயப் புலங்கள். தரவுத்தள டேபிள்களே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருந்தன. பின்னால் எதுவும் ஓடாத வெறும் திரையை இரண்டாவது மாதமே காட்டியிருந்தால், இதே கேள்வியை அன்றைக்கே கேட்டிருப்பார்.

உயிர் சம்பந்தப்பட்ட பெரிய வேலைகளுக்கு இப்படிச் சுற்றுச் சுற்றாகக் கட்டிக் காட்டுவது சரிப்படாது என்பார்கள். நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் மென்பொருளை ஐபிஎம் 1977 முதல் 1980 வரை எழுதியது எப்படி? 31 மாதங்களில் 17 சுற்றுகளாக, சராசரியாக எட்டு வாரத்துக்கு ஒன்று. வேலை நடக்கும்போதே தேவைகள் மாறும் என்று தெரிந்துதான் அப்படி வைத்துக்கொண்டார்கள். 1981 ஏப்ரலில் கொலம்பியா பறந்தது.

ஸ்பிரின்ட் என்கிற குறுகிய வேலைச் சுற்று, ஸ்டாண்ட்-அப் என்கிற தினசரிக் குட்டிக் கூட்டம் எல்லாம் வைத்துக்கொண்டு, பயனரிடம் காட்டுவதை மட்டும் கடைசிக்குத் தள்ளும் டீம்களும் உண்டு. அதுவும் அதே படிக்கட்டுதான். இதில் ஒப்பந்தத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. டிசைன் ஆவணம் ஒப்புதலானால் பில் போடலாம் என்றிருந்தால், டீம் ஆவணத்தைத்தான் துரத்தும். பில் போடுவதற்கான அந்த மைல்ஸ்டோனைப் பயனர் ஓட்டிப் பார்த்த பில்ட் (ஓடும் நிலையில் உள்ள மென்பொருள்) என்று மாற்றச் சொல்லி இப்போதெல்லாம் கேட்கிறேன். இதுவரை ஒரு வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.