செல்ஃப் எடுக்காத மாருதியும் என் பிராக்டிகல் தேர்வும்

ஐடிஐ-யில் மோட்டார் வெஹிக்கிள் மெக்கானிக் டிரேடு படிக்கிறவர்களுக்கு எலெக்ட்ரிக்கல் பிராக்டிகல் என்றாலே உள்ளூர ஒரு உதறல். கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும், பிஸ்டன் ரிங் உடைந்திருந்தால் கையில் எடுத்துப் பார்க்கலாம். கரண்டை யார் பார்த்தது? நானும் அப்படித்தான் பயந்துகொண்டிருந்தேன். மாதிரித் தேர்வில் கோட்டை விட்டேன். இறுதித் தேர்வில் அதே பகுதி கைகொடுத்தது. இடையில் நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு அளவை எடுக்கும் முறைதான்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், 1983-ல் வந்து 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. பயிற்சிக்கு இந்த மாதிரி வண்டி ஒரு வரம் என்பேன். ஸ்கேனரைச் சொருகி அது சொல்வதை எழுதிவிட்டு வரும் வசதி இதில் கிடையாது. செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார், அதன் சர்க்யூட் என்று பார்த்தால் பேட்டரி, சாவி சுவிட்ச், சோலனாய்டு (சாவி திரும்பியதும் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்ச்), மோட்டார், இவற்றுக்கு நடுவே வயர், கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பி வர எர்த். அவ்வளவுதான். இந்தப் படத்தைப் புத்தகம் பார்க்காமல் போடத் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

மாதிரித் தேர்வன்று சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை. பேட்டரியில் மீட்டர் வைத்தேன், 12.6 வோல்ட். ஆறு செல், செல்லுக்கு 2.1, கணக்கு சரி. பேட்டரி நல்லது என்றால் செல்ஃப்தான் போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, ஸ்பேனரை எடுத்துவிட்டேன். செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ் பார்த்தேன், காமுட்டேட்டரைத் துடைத்தேன், பெஞ்சில் வைத்து நேரடியாக பேட்டரி கொடுத்தேன். ஜோராகச் சுற்றியது. பெருமையோடு திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினால், அதே 'டக்'. நேரம் முடிந்தது.

இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் பேசவில்லை. ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து பேட்டரி நெகட்டிவில் ஒரு முனையையும் இன்ஜின் பிளாக்கில் மறுமுனையையும் மாட்டினார். சாவியைத் திருப்பச் சொன்னார். உடனே சுற்றியது. பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் கேபிளின் மேலுறை பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. அதைப் பிளேடால் கீறிக் காட்டினார். உள்ளே செம்பு முழுக்கப் பச்சைப் பொடி, நாலைந்து இழைதான் மிச்சம்.

"கன்டினியுட்டி பார்த்தேனே சார், பீப் அடிச்சதே" என்றேன். வயர் அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் பார்க்கும் சோதனை அது.

"ஒரு இழை இருந்தாலும் பீப் அடிக்கும்டா. அதுல நூறு ஆம்பியர் போகுமா?"

இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. பீப் அடிக்க மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். செல்ஃப் இழுப்பதோ நூறு ஆம்பியருக்கு மேல். கேபிளில் 0.05 ஓம் தடை இருந்தால் சாதாரண மீட்டரில் அது தெரியவே தெரியாது. ஆனால் 100 ஆம்பியர் ஓடும்போது அந்தத் துளியூண்டு தடை 5 வோல்ட்டைத் தின்றுவிடும். மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? ஆகவே பழைய வண்டியில் வயரைச் சோதிக்க வேண்டியது அது வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான். இதற்குப் பெயர் வோல்டேஜ் டிராப் டெஸ்ட்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் போஸ்ட்டில், அதாவது கிளாம்ப்பில் அல்ல, நடுவில் இருக்கும் ஈயத்திலேயே. இன்னொரு முனை செல்ஃப் மோட்டாரின் உடம்பில். நண்பரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்று. எங்கள் வண்டியில் அன்று நான் இதைச் செய்திருந்தால் வோல்ட் கணக்கில் காட்டியிருக்கும். பிறகு பாசிட்டிவ் போஸ்ட்டிலிருந்து சோலனாய்டின் தடித்த கேபிள் முனைக்கு இதே மாதிரி, அதில் 0.5 வரை பொறுக்கலாம். சாவியைத் திருப்பாமல் அளந்தால் எப்போதும் பூஜ்யம்தான் வரும். அதை 'சரியாக உள்ளது' என்று எழுதி வைத்தவர்கள் எங்கள் பேட்ச்சில் மூன்று பேர்.

மீட்டர் எடுப்பதற்கு முன் ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். வெளிச்சம் அடியோடு செத்தால் பேட்டரியோ அதன் டெர்மினலோ. டெர்மினல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சம் அசையவே இல்லை என்றால் மோட்டாருக்குக் கரண்ட் சரியாகப் போகவில்லை. செல்ஃப் மட்டும் தனியே 'விர்ர்' என்று சுற்றி இன்ஜின் திரும்பாவிட்டால் பெண்டிக்ஸ், அதாவது செல்ஃபை ஃபிளைவீல் பல்லோடு கோர்க்கும் பகுதி. கரகரவென்று அரைத்தால் ஃபிளைவீல் பல்.

இறுதித் தேர்வில் வேறு கோளாறு வைத்திருந்தார்கள். ஒரு தடவை 'டக்', இன்னொரு தடவை மௌனம், ஐந்தாறு முறை திருப்பினால் ஒருமுறை பிடித்துச் சுற்றும். இந்த முறை ஸ்பேனரைத் தொடவில்லை. ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, வண்டி ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்கக் இக்னிஷன் காயிலிலிருந்து (ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தருவது) வரும் நடு வயரைப் பிடுங்கி எர்த் செய்தேன். எக்ஸாமினர் இதையெல்லாம் ஒவ்வொன்றாக டிக் போட்டதைப் பார்த்தேன். கையிலிருந்த காப்பைக் கழற்றச் சொன்னதும் அவர்தான். அதற்கு மார்க் போயிருக்கும். எர்த் டிராப் 0.1. பாசிட்டிவும் சரி. சோலனாய்டின் 50 நம்பர் டெர்மினலில், அதாவது சாவி சுவிட்சிலிருந்து வரும் வயர் சேரும் முனையில், சாவியைத் திருப்பி அளந்தால் 7.5 வோல்ட்தான். பேட்டரியிலோ அப்போது 12.3. ஒரு தனி வயரால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 50-க்கு நேராகக் கொடுத்தேன், உடனே சுற்றியது. சாவி சுவிட்சுக்குள் காண்டாக்ட் கருகியிருந்தது.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வி, பேட்டரி இறங்கியிருந்தால் ஏன் 'டக டக டக' என்று அடிக்கிறது என்பது. சோலனாய்டில் இழுக்கும் சுருள், பிடித்துவைக்கும் சுருள் என்று இரண்டு உண்டு. இரண்டும் சேர்ந்து பிளஞ்சரை (உள்ளே நகரும் இரும்புத் தண்டு) இழுத்து காண்டாக்ட் சேர்ந்ததும் இழுக்கும் சுருளின் இரு முனையிலும் ஒரே வோல்டேஜ் வந்து அது ஓய்ந்துவிடும். அதே நேரம் மோட்டார் மொத்தக் கரண்டையும் உறிஞ்ச, பலவீனமான பேட்டரியின் வோல்டேஜ் விழுந்து, மிச்சமிருக்கும் சுருளால் பிளஞ்சரைப் பிடித்துவைக்க முடியாது. விட்டதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். இதைப் படம் போட்டே சொன்னேன்.

இரண்டாவது கேள்வி, ராத்திரி நிறுத்திவைத்தால் பேட்டரி தானாக இறங்குகிறது, எப்படிக் கண்டுபிடிப்பாய் என்பது. நெகட்டிவைக் கழற்றி நடுவில் மீட்டரை சீரிஸாக மாட்டி, 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பேன் என்றேன். மீட்டர் அப்படி இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டேன். பக்கத்து பேட்ச் பையன் அதை மறக்கவில்லை. முந்தின வாரம்தான் அவன் மீட்டர் ஃபியூஸை எரித்திருந்தான்.