பட்டத்துடன் நின்றுவிடும் உதவித்தொகையும் புதுக்கடை வரையான செலவும்

சட்டம் படிக்க விரும்பும் மலையக மாணவர்கள் என்னிடம் உதவித்தொகை பற்றிக் கேட்கும்போது, பெரும்பாலும் முதலாம் ஆண்டுச் செலவைப் பற்றியே கேட்கிறார்கள். கொழும்பில் அறை கிடைக்குமா, மஹாபொல உதவித்தொகை எப்போது வரும், புத்தகங்களுக்கு எவ்வளவு ஆகும் என்பவை நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இலங்கையில் சட்டமாணிப் பட்டம் மட்டும் ஒருவரைச் சட்டத்தரணி ஆக்கிவிடாது. பட்டத்திற்குப் பிறகு கொழும்பு புதுக்கடையிலுள்ள இலங்கை சட்டக் கல்லூரியில் பதிவு செய்து அதன் பரீட்சைகளில் சித்தியடைய வேண்டும். சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிலுநர் பயிற்சி பெற வேண்டும். அதன் பின்னரே உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய முடியும். நான் விண்ணப்பித்த உதவிகள் அனைத்தும் பட்டத்தின் கடைசிப் பரீட்சையோடு முடிவதாகவே வகுக்கப்பட்டிருந்தன. அந்த இடைவெளியை எப்படிக் கடந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நுவரெலியா மாவட்டத்தின் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். 2018ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதி, கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்திற்குத் தெரிவானேன். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் அடங்கும். இந்த ஒதுக்கீட்டை ஏளனமாகப் பேசும் சக மாணவர்களைக் கொழும்பில் சந்தித்திருக்கிறேன். ஆங்கில ஆசிரியரே இல்லாத பாடசாலையில் ஒரு தவணையாவது அவர்கள் படித்துப் பார்த்திருந்தால் வேறு விதமாகப் பேசியிருப்பார்கள். எப்படியானாலும், ஒதுக்கீடு இடத்தைத்தான் தரும். அந்த இடத்தில் நான்கு ஆண்டுகள் இருந்து படிப்பதற்கான பணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும்.

முதலில் எல்லோரும் நாடுவது மஹாபொல. 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிதியம் அது. திறமைக்கு ஒரு வகையும் குடும்ப வருமானத்தைப் பார்த்து ஒரு வகையும் உண்டு. அது கிடைக்காதவர்களுக்குப் பர்சரி எனப்படும் உதவிப்பணம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது. நான் படித்த காலத்தில் மஹாபொல மாதம் 5,000 ரூபாயாக, ஆண்டுக்குப் பத்துத் தவணைகளில் வந்தது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக்கப்பட்ட பிறகு கணக்குப் பார்த்தால், அம்மா முழுப்பேர் (ஒரு நாளின் முழுச் சம்பளம்) விழும்படி ஐந்து நாள் கொழுந்து பறித்தால் வரும் பணம் அது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது, அதே 5,000 ரூபாய் என் அறை வாடகையின் பாதிக்குக்கூடப் போதவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொலவை 7,500 ரூபாயாகவும் பர்சரியை 6,500 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். வரவேற்க வேண்டியதுதான், ஆனால் கொழும்பில் வாடகைக்கு இருக்கும் மாணவி இதை மட்டும் நம்பித் திட்டமிடக் கூடாது.

எந்த உதவிக்கு விண்ணப்பித்தாலும் வருமானத்தை நிரூபிக்க வேண்டும், தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் எல்லா மாணவர்களுக்கும் பொதுவானவை. எங்களுக்கு அதற்கு மேல் தோட்ட அலுவலகத்தின் கடிதமும் சம்பளச் சிட்டைகளும் தேவைப்படுகின்றன. சம்பளச் சிட்டையைக் கொழும்பில் இருக்கும் ஒருவரால் எளிதில் வாசித்துப் புரிந்துகொள்ள முடியாது. பேர் எண்ணிக்கை, அரைப்பேர், மேலதிகக் கொழுந்து, சேமலாப நிதிக் கழிப்பு, தீபாவளி முற்பணத்தின் மீள்பிடிப்பு, தொழிற்சங்கச் சந்தா என்று ஒரே தாளில் எல்லாம் நெருக்கி அச்சிடப்பட்டிருக்கும். விண்ணப்பப் படிவம் கேட்பதோ கழிப்புகளுக்கு முந்திய மொத்த வருமானத்தை. கையில் கிடைக்கும் தொகையை எழுதினால் சிட்டையோடு அது முரண்படும். மொத்தத்தை மட்டும் எழுதினால் குடும்பத்தின் உண்மை நிலை மறைந்துவிடும். ஆகவே மொத்த வருமானத்தைப் படிவத்தில் எழுதிவிட்டு, சிட்டையின் ஒவ்வொரு நிரலும் எதைக் குறிக்கிறது, பன்னிரண்டு மாதங்களில் மழைக்காலத்திலும் வறட்சியிலும் பேர் எப்படிக் குறைந்தது என்பதை விளக்கி ஒரு பக்கத்தில் தட்டச்சுச் செய்து இணைத்தேன். பின்னர் நேர்முகத்தேர்வில் ஒருவர் அந்தப் பக்கத்தைத்தான் கையில் வைத்திருந்தார்.

பெயர் வேறுபாடு அடுத்த சிக்கல். என் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில், பதிவாளரின் காதுக்குக் கேட்டபடி எழுதப்பட்டது. அம்மாவின் பெயர் அதில் ஒரு விதமாகவும், தேசிய அடையாள அட்டையில் வேறு விதமாகவும், தோட்டத்துப் பதிவேட்டில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து கையெழுத்திடும் ஆவணம்) முடித்து வைத்துக்கொண்டால் பல ஆண்டுகளுக்கு உதவும். அதன் மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், அத்தாட்சிப்படுத்திய பிரதி போதும். அலுவலகங்களில் சிங்களப் படிவத்தை மட்டும் நீட்டினால் தமிழ்ப் படிவத்தைக் கேட்டுப் பெறுங்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தரும் உரிமை அது. சட்டம் படிக்கப் போகிறவர்கள் அதைக் கேட்பதற்குக் கூச்சப்படுவது பொருந்தாது.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று 1940களிலிருந்தே இயங்கிவரும் ஒரு கல்வி நம்பிக்கை நிதியம் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் கீழ் இருக்கிறது. உயர்தர மாணவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். அறிவித்தல் பத்திரிகைகளில் வரும். தொகை பெரிதல்ல என்று ஒதுக்கிவிடாமல், மேற்சொன்ன ஆவணங்களைத் தயாராக வைத்திருப்பவர்கள் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். என் செலவில் பெரும் பகுதியைத் தாங்கியது கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிதியம். சட்டத்துறையில் குறைவாகப் பிரதிநிதித்துவம் பெறும் சமூகங்களின் மாணவர்களுக்கு என்றே அது உதவுகிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவர்களது விருப்பம்.

அந்த விண்ணப்பத்தில் 'உங்கள் பின்னணி' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். லயத்து அறையின் ஒழுகும் கூரையையும் அம்மாவின் வெடித்த கைகளையும் வர்ணிக்கும்படி நண்பர்கள் சொன்னார்கள். அவை பொய்யல்ல, ஆனாலும் நான் அப்படி எழுதவில்லை. தேர்வுக் குழுவிலிருப்பவர்கள் அத்தகைய வர்ணனைகளை நூற்றுக்கணக்கில் வாசித்திருப்பார்கள் என்பது ஒரு காரணம். இரக்கத்தைக் கேட்டுப் பெற்ற பணத்திற்கு வாழ்நாளெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். அதற்குப் பதிலாக, அப்பாவின் பணிக்கொடையைப் பற்றி எழுதினேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளத் தொழிலாளிக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். அப்பா ஓய்வு பெற்ற பின் அந்தப் பணம் நீண்ட காலம் வரவில்லை. அதைக் கேட்பதற்கு எங்கே போவது, எந்தப் படிவத்தை நிரப்புவது என்பதை அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லக்கூடிய சட்டத்தரணி ஒருவரை எங்கள் தோட்டத்தில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கட்டுரையில் இருந்தது அவ்வளவுதான்.

நேர்முகத்தேர்வு கறுவாத்தோட்டத்திலுள்ள ஓர் அலுவலகத்தில் நடந்தது. மூவர் இருந்தனர், ஆங்கிலத்தில் தொடங்கினார்கள். அறிமுகக் கேள்விகளுக்குப் பிறகு, குழுவின் தலைவர் நான் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார்: படித்து முடித்ததும் மலையகத்திற்குத் திரும்புவீர்களா, கொழும்பிலேயே கம்பனிச் சட்டம் செய்வீர்களா? திரும்புவேன் என்று சத்தியம் செய்வதுதான் இந்த இடத்தில் வழக்கம். எனக்கு அந்தக் கேள்வியிலேயே ஒரு மனத்தாங்கல் இருந்தது. கொழும்பு ஏழில் பிறந்த மாணவரிடம் ஊருக்குத் திரும்புவீர்களா என்று எவரும் கேட்பதில்லை. கம்பனிச் சட்டம் செய்யும் மலையகத் தமிழரும் தேவை, தொழில் நியாயமன்றில் தோன்றும் மலையகத் தமிழரும் தேவை, என் விருப்பம் தொழிற்சட்டம், ஆனால் அதைக் கடனாக ஏற்றுக்கொண்டு வர விரும்பவில்லை என்றேன். இடையில் ஆங்கிலம் தடுமாறியபோது, இந்தப் பகுதியைத் தமிழில் சொல்லலாமா என்று கேட்டேன். குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருந்ததால் அனுமதித்தார்கள்.

அடுத்து, அரசியலமைப்புச் சட்டத்தில் எந்த வழக்கு மனதில் நிற்கிறது என்று கேட்டார்கள். கொடக்கன் பிள்ளை எதிர் முதநாயக்க என்றேன். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அதையொட்டி 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டத்தாலும் வாக்காளர் இடாப்பிலிருந்து விலக்கப்பட்ட ஒருவரின் வழக்கு அது. 1953இல், அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை சென்று, அந்தச் சட்டங்கள் செல்லும் என்று முடிந்தது. என் தாத்தாவின் தலைமுறை நாடற்றவர்களாக்கப்பட்டதன் சட்டக் கதையை அந்தத் தீர்ப்பில் முதன்முதலாக வாசித்தேன் என்றும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும் வரை அந்த வழக்கின் விளைவு தொடர்ந்தது என்றும் சொன்னேன். உங்கள் குடும்பத்தையோ ஊரையோ தொட்ட சட்டம் ஒன்றை நேர்முகத்தேர்வுக்கு முன் ஆழமாகப் படித்து வைத்திருங்கள் என்பது என் பரிந்துரை.

நிதியம் நான்கு ஆண்டுகளுக்கு உதவ ஒப்புக்கொண்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் நான் செய்த ஒரு காரியம்தான் பின்னர் என்னைக் காப்பாற்றியது. எங்கள் பீடத்தில் பட்டம் பெற்று, புதுக்கடையில் பயிலுநராக இருந்த அக்கா ஒருவர் பட்டத்திற்குப் பின் வரும் செலவுகளை எனக்கு வரிசையாகச் சொல்லியிருந்தார்: சட்டக் கல்லூரிப் பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணங்கள், சம்பளமில்லாத ஆறு மாதங்களுக்கான அறை வாடகையும் பஸ் காசும், சத்தியப்பிரமாணத்திற்கான கட்டணம், கறுப்புக் கோட்டு, அங்கி, வெள்ளைச் சேலைகள். இவற்றைத் திகதி வாரியாக எழுதி, நிதியத்திற்கு ஒரு கடிதம் கொடுத்தேன். மொத்தத் தொகையைக் கூட்டும்படி கேட்கவில்லை. மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் எனக்கு விடுதியில் இடம் கிடைத்தால், அந்த மாதங்களில் மிச்சமாகும் பணத்தை நிறுத்தி வைத்து, பட்டத்திற்குப் பிந்திய காலத்திற்குத் தர முடியுமா என்றுதான் கேட்டேன். நிதியத்தின் விதிகளில் அப்படியொரு ஏற்பாடு இருக்கவில்லை. பல வாரங்கள் யோசித்து, சட்டக் கல்லூரிப் பதிவுக்கான அத்தாட்சியைக் காட்டினால் மிகுதித் தவணைகளை விடுவிக்கலாம் என்று ஒரு வாசகத்தை ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். எனக்குப் பின் வந்த மாணவர்களுக்கும் அதே வாசகம் இருக்கிறது என்று அறிகிறேன்.

படிப்புக் காலத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் விரிவுரைகள் இணையத்தில் நடந்தபோது, சமிக்ஞைக்காகத் தோட்டத்து மேட்டில் ஏறி நின்றவர்களில் நானும் ஒருத்தி. பழைய தீர்ப்பு அறிக்கைகளை வாங்க வேண்டியதில்லை. நூலகத்திலும் நீதி அமைச்சின் லோநெட் தளத்திலும் கிடைக்கின்றன. பல்கலைக்கழகம் வழியாக அல்லாமல் நுழைவுப் பரீட்சை எழுதி நேரடியாகச் சட்டக் கல்லூரிக்குப் போக நினைக்கும் தமிழ்மொழி மூல மாணவர்கள், அங்கே ஆங்கிலத்தில் மட்டுமே பரீட்சை என்ற விதிகளை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் 113 வாக்குகளால் நிராகரித்ததை அறிந்திருக்க வேண்டும். ஆதரவாக விழுந்தது ஒரே வாக்கு.

பயிலுநர் பயிற்சிக்கு, குறைந்தது எட்டு ஆண்டுகள் தொழிலில் இருக்கும் சட்டத்தரணி ஒருவர் வேண்டும். சட்டத்தரணிகள் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம். எங்களுக்கு அப்படியில்லை. நான் முதலில் அணுகிய ஒருவர், பயிலுநர்களுக்கு எதுவும் தருவதில்லை, காலை ஏழு மணிக்கு வந்து இரவு வரை இருக்க வேண்டும் என்றார். அது பரவலான வழக்கம். என்றாலும், எல்லோரும் அப்படியல்லர். போக்குவரத்துக்கும் மதிய உணவுக்கும் ஒரு தொகை தர முடியுமா என்று தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. என் சிரேஷ்ட சட்டத்தரணி அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் காசு தருவதோடு, மாலை ஐந்துக்குப் பிறகு தட்டச்சு வேலை செய்தால் தனியாகப் பணம் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். நிதியம் நிறுத்தி வைத்திருந்த தவணைகள் அறை வாடகைக்கும் பரீட்சைக் கட்டணங்களுக்கும் போயின. கறுப்புக் கோட்டை முன்னே சத்தியப்பிரமாணம் செய்த அந்த அக்காவே தந்தார். அளவைக் கொட்டாஞ்சேனைத் தையற்காரர் ஒருவர் சரிசெய்தார்.

இப்போது விண்ணப்பிக்கப் போகிறவர்கள், உயர்தரப் பெறுபேறு வரும் வரை காத்திருக்காமல் பெயர் வேறுபாட்டுச் சத்தியக்கடதாசியையும் கடந்த பன்னிரண்டு மாதச் சம்பளச் சிட்டைகளையும் சேர்க்கத் தொடங்கலாம். தனியார் நிதியம் எதுவாயினும், ஒப்பந்தத்தில் 'பட்டம் முடியும் வரை' என்று இருக்கும் இடத்தில் 'உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகப் பதிவு பெறும் வரை' என்று மாற்ற முடியுமா என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், அந்த மறுப்பையும் எழுத்திலேயே வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். அடுத்த நிதியத்திடம் பட்டத்திற்குப் பிந்திய காலத்திற்கு மட்டும் உதவி கேட்கும்போது அந்தக் கடிதம் தேவைப்படும்.