சேமித்துவிட்டதாகச் சொன்ன ஸ்கிரிப்ட்

வீட்டுப் புத்தகங்களைப் பட்டியல் போட்டு வைக்க, பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸும் வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். புதுப் புத்தகம் சேர்ப்பதில் தகராறு இல்லை. திருத்தும் படிவம்தான் படுத்தி எடுத்தது. விவரத்தை மாற்றிப் பட்டனை அழுத்தினால் "சேமிக்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வரும். பட்டியலுக்குப் போனால் பழைய விவரமே இருக்கும்.

முதல் நாள்

டேட்டாபேஸில் இருக்கும் விவரத்தை மாற்றும் அப்டேட் கட்டளையில்தான் பிழை என்று நினைத்து, அதை எடுத்து, டேட்டாபேஸைப் பிரவுசரில் திறந்து பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் நேரடியாக ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. கொஞ்சம் அதிகமாகவே ஓடியது: எந்த வரிசையை மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'வேர்' (WHERE) பகுதியை ஒட்ட மறந்துவிட்டேன். எல்லா வரிசையிலும் 'படித்தாயிற்று' டிக் விழுந்துவிட்டது. ஒரே நொடியில் வீட்டிலுள்ள எல்லாப் புத்தகங்களையும் படித்து முடித்தவன் ஆனேன்! நல்லவேளை, முந்தின நாள் எடுத்த பேக்கப் கைவசம் இருந்தது. இப்போதெல்லாம் கையால் எதை ஓட்டினாலும் முதலில் ஸ்டார்ட் டிரான்ஸாக்‌ஷன், எத்தனை வரிசை மாறியது என்று பார்த்த பிறகுதான் மாற்றத்தை நிலையாக்கும் கமிட்.

சரி, கட்டளை நல்லதுதான். அப்படியானால் ஸ்கிரிப்ட் ஏன் பொய் சொல்கிறது? திறந்து பார்த்தால் வெட்கமாகப் போயிற்று. கட்டளையை ஓட்டும் எக்ஸிக்யூட் என்ன பதில் தந்தது என்று பார்க்காமலே, அடுத்த வரியில் அந்தப் பச்சைச் செய்தியை நானே அச்சிட்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது பிஎச்பி 7.4. அதில் டேட்டாபேஸோடு பேசும் பகுதியான பிடிஓ, பிழை வந்தாலும் வாயைத் திறக்காது, ஃபால்ஸ் என்று மட்டும் திருப்பித் தரும். 8.0 முதல்தான் கேட்காமலே எக்ஸெப்ஷன், அதாவது ஸ்கிரிப்டை நிறுத்தும் பிழை அறிவிப்பு, வீசும். இணைப்பு எடுக்கும் இடத்தில் எர்ரர் மோடை எக்ஸெப்ஷனுக்கு மாற்றினேன். எத்தனை வரிசை மாறியது என்று சொல்லும் ரோகவுண்ட் பூஜ்யம் என்றால் "எதுவும் மாறவில்லை" என்று சிவப்பில் காட்டும்படியும் செய்தேன்.

இரண்டாம் நாள்

எக்ஸெப்ஷன் எதுவும் வரவில்லை, சிவப்புச் செய்திதான் வந்தது. படிவம் அனுப்பும் விவரங்கள் போஸ்ட் என்ற பட்டியலில் வரும். அதை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் இருந்தன, ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய எண்ணான ஐடி மட்டும் இல்லை. படிவத்தில் கண்ணுக்கு நேராகத் தெரிகிறதே!

தெரிகிறதுதான். ஆனால் யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அந்தப் பெட்டிக்கு டிஸேபிள்டு போட்டிருந்தேன். டிஸேபிள்டு பெட்டியைப் பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. ரீட்ஒன்லி என்றால் அனுப்பும். ஐடி வராததால் அது நல் (NULL, மதிப்பே இல்லை என்று பொருள்) ஆகி, "ஐடி = நல்" என்ற நிபந்தனைக்கு எந்த வரிசையும் பொருந்தவில்லை. டேட்டாபேஸைப் பொறுத்தவரை இது பிழையே அல்ல. மாற்றச் சொன்ன வரிசை எதுவும் இல்லை, அது சும்மா இருந்துவிட்டது. டிஸேபிள்டு என்ற இந்த ஒரு சொல்லுக்காக ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது.

மூன்றாம் நாள்

ஐடி ஒழுங்காக வர ஆரம்பித்ததும் நிஜப் பிழைகள் வரிசைகட்டி நின்றன. வெளியான ஆண்டைக் காலியாக விட்டால் பிழை எண் 1366: எண் கேட்கும் இடத்தில் வெற்றுச் சரம் போகிறது. காலியாக இருந்தால் நல் அனுப்பும்படி மாற்றினேன். 'படித்தாயிற்று' டிக்கை எடுத்தால் 1048. டிக் இல்லாத செக்பாக்ஸும் போஸ்டில் வராது, அதனால் நல் கூடாது என்று வைத்திருந்த இடத்தில் நல் போய் முட்டுகிறது. டிக் வந்ததா இல்லையா என்று ஐசெட் வைத்துப் பார்த்து 0 அல்லது 1 அனுப்பியதும் சரியானது.

மூன்றாவதுதான் சுவாரசியம். குறிப்புப் பெட்டியில் "நண்பருக்குக் கொடுத்தது" என்று எழுதினால் 1406, தரவு நீளம் அதிகம் என்கிறது. அந்தப் புலம் வார்சார் 20, அதாவது அதிகபட்சம் 20 எழுத்து. விரல் விட்டு எண்ணினால் 12 எழுத்து, ஓர் இடைவெளி, ஆக 13. எங்கே அதிகம்?

மைஎஸ்க்யூஎல் நம் கணக்கில் எண்ணுவதில்லை, கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. 'கு' நமக்கு ஓர் எழுத்து, அதற்கு க, உகரக் குறி என்று இரண்டு. புள்ளி வைத்த ஒவ்வொரு மெய்யும் அப்படியே இரண்டு. அந்தக் கணக்கில் முதல் சொல் 12, இடைவெளி 1, இரண்டாவது சொல் 9, ஆக 22. தமிழில் எழுதும் புலத்துக்கு நாம் எண்ணுவதைப் போல் இரண்டு மடங்கு இடம் விட வேண்டும் என்பது இப்போதுதான் உறைத்தது. 255 ஆக்கிவிட்டேன்.

நான்காம் நாள்

எல்லாம் ஓடுகிறது. ஆனால் எதையும் மாற்றாமல் பட்டனை அழுத்தினாலும் சிவப்புச் செய்தி வருகிறது. புது மதிப்பும் பழைய மதிப்பும் ஒன்றாக இருந்தால் மைஎஸ்க்யூஎல் அதை மாறிய வரிசையாகக் கணக்கில் எடுப்பதில்லை. இணைப்பில் ஃபவுண்ட் ரோஸ் என்ற அமைப்பைப் போட்டால், பொருந்திய வரிசைகளை எண்ணித் தருகிறது. இனி பூஜ்யம் வந்தால் அந்த ஐடியே இல்லை என்று அர்த்தம்.

ஒன்று பாக்கி. ஒரே புத்தகத்தை இரண்டு டேப்பில் திறந்து திருத்தினால், பிந்திச் சேமித்தது முந்தியதை அழித்துவிடுகிறது. பதிப்பு எண் என்று ஒரு புலம் சேர்த்து, அதையும் 'வேர்' பகுதியில் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்னால் பேக்கப்.