தண்ணீர் எப்போது ஏறியது?

பன்னிரண்டு வருடமாக எட்டாம் வகுப்புக்கு இந்தச் சோதனையைச் செய்து காட்டுகிறேன். தட்டில் நீல மை கலந்த தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்க்க வேண்டியதுதான். சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது, ஐந்தில் ஒரு பங்கு" என்பேன். கணக்கு ஒத்துவராத நாளில் ஸ்கேலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்ததும் உண்டு.

நேற்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. "என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் எல்லோரும் கைடில் இருப்பதையே ஒப்பித்தார்கள். அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "மிஸ், எரியும்போது ஏறவே இல்லை. அணைஞ்ச அப்புறம்தான் சர்ருனு ஏறுச்சு" என்றான்.

ஆக்சிஜன் செலவாவது எரியும்போது. அப்படியானால் தண்ணீரும் அப்போதே மெல்ல ஏறியிருக்க வேண்டாமா? பன்னிரண்டு வருடம் என் கண்முன்னால் நடந்தது இது!

பாட்டிலைக் கவிழ்த்தபோது விளிம்பில் குமிழி வந்ததை இன்னொருத்தி பார்த்திருந்தாள். "வெந்நீர் ஊத்தி மூடின வாட்டர் பாட்டில் ஆறினதும் ஒடுங்கிப்போகுமே, அது மாதிரியா மிஸ்?" என்றாள். சூட்டில் விரிந்த காற்று கொஞ்சம் வெளியேறுகிறது, மீதி ஆறிச் சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. இதை நான் சொல்லவில்லை, துண்டு துண்டாக அவர்களே சேர்த்தார்கள்.

மூன்று மெழுகுவர்த்தி வைத்தால்? பலகையில் எழுதினேன். ஆக்சிஜன் கட்சி "அதே அளவுதான்" என்றது. சூட்டுக் கட்சி "அதிகம்" என்றது. செய்து பார்த்தோம், அதிகமாகவே ஏறியது. சூட்டுக் கட்சி கைதட்ட, ஒரு பையன் எழுந்து, "மெழுகுவர்த்தியே இடத்தை அடைச்சுக்குதே, அதனாலயும் மட்டம் உயரும்ல?" என்று கேட்டான். எனக்குத் தோன்றவே இல்லை. மறுபடியும் மூன்றையும் நிறுத்தி, ஒன்றை மட்டும் ஏற்றினோம். இந்த முறை தண்ணீர் குறைவாகத்தான் ஏறியது. பையன் திருப்தியாக உட்கார்ந்தான்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்தியத்து ஃபைலோ என்ற கிரேக்கப் பொறியாளர் இதைச் செய்து பார்த்து, காற்றில் ஒரு பகுதி நெருப்பாகிவிட்டது என்று எழுதிவைத்தார். தப்பு செய்ததில் எனக்குப் பெரிய துணைதான்.

மணி அடித்த பிறகு ஒருத்தி கேட்டாள்: "எரிஞ்சதுல வந்த கார்பன் டை ஆக்சைடு தண்ணியில கரையும்ல? நாளைக்கு இன்னும் ஏறுமா?" பாட்டிலை அசைக்காமல், மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு, லேபைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.