ஜாப் வொர்க் பில்லுக்கு ரோபோ வைத்த அனுபவம்

சாப்ட்வேர் ரோபோ வைத்தால் கட்டுப்படியாகுமா என்று திருப்பூர் பக்கம் கம்பெனி நடத்துகிறவர்கள் பலர் இப்போது கேட்கிறார்கள். எங்கள் ஆபீசில் வைத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு நடுத்தரமான பனியன் கம்பெனி, எக்ஸ்போர்ட்டும் உண்டு, கொஞ்சம் லோக்கல் ஆர்டரும் உண்டு, கணக்கு இரண்டையும் சேர்த்து நான்தான் பார்க்கிறேன். விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடுகிற சங்கதிகளைத்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது கை, கால் வைத்த ரோபோ இல்லை. கம்ப்யூட்டரில் நாம் மவுஸைப் பிடித்துச் செய்கிற வேலையை அதே மாதிரி திரும்பத் திரும்பச் செய்யும் மென்பொருள், அவ்வளவுதான். பில்லைத் திறக்கும், நம்பரைப் படிக்கும், எக்ஸெல்லில் தேடும், இன்னொரு இடத்தில் கொண்டுபோய்ப் போடும். ரோபோடிக் பிராசஸ் ஆட்டோமேஷன், சுருக்கமாக ஆர்பிஏ என்பார்கள். யுஐபாத், ஆட்டோமேஷன் எனிவேர், ப்ளூ பிரிசம் எல்லாம் இதில் பெரிய பெயர்கள். மைக்ரோசாப்டின் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப் 2021 மார்ச்சிலிருந்து விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இலவசம், விண்டோஸ் 11இல் கூடவே வந்துவிடுகிறது. நாங்கள் எடுத்தது இதைத்தான். காசு கட்டாமல் எடுத்தால் அது தானாக நேரம் பார்த்து ஓடாது, யாராவது முன்னால் உட்கார்ந்து ஓட விட வேண்டும். இதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் வசதியாகப் பட்டது, ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

இதற்கு முன்னால் கோயமுத்தூரிலிருந்து ஒருத்தர் லேப்டாப்போடு வந்து டெமோ காட்டினார். பில் எல்லாம் அச்சடித்த மாதிரி, எழுத்து ஒன்று கூடக் கோணவில்லை, ரோபோ மடமடவென்று படித்துத் தள்ளியது. முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் எங்கள் ஃபைலிலிருந்து ஒரு காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க அழுத்தி எடுக்கும் வேலை) பில்லை எடுத்து நீட்டினேன். கார்பன் காப்பி, கையெழுத்து, டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) நம்பர் ஒரு மூலையில் பென்சிலில், அதன் மேலேயே டீ கறை. "இது போகப் போகக் கத்துக்குமுங்க" என்றார். எங்கள் கணக்கு அக்காவுக்கே அதைப் படிக்க இன்னும் போன் போட வேண்டியிருக்கிறது என்று சொன்னதும் சிரித்துவிட்டுக் கொட்டேஷனை மெயிலில் அனுப்பினார். வருஷ லைசென்ஸ் தொகையைப் பார்த்ததும் முதலாளியின் ஆசை பாதி இறங்கிவிட்டது.

மீதிப் பாதி ஆசையில் அவர் கேட்டது, "சனிக்கிழமைச் சம்பளத்தை மொதல்ல அதுல போட்டுருங்க." நான் முடியாது என்று சொன்னேன். ஒருத்தர் ஒன்றரை ஷிப்ட் பார்த்தாரா, இரண்டு பார்த்தாரா, அட்வான்ஸ் பிடிக்கலாமா இந்த வாரம் விடலாமா என்பதெல்லாம் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். ஃப்ளோர் சூப்பர்வைசர் வந்து காதோரம் ஒரு வார்த்தை சொன்னால் பட்டியலே மாறும். முடிவு தினமும் மாறுகிற வேலையை ரோபோவிடம் கொடுத்தால் அது தப்பை வேகமாகச் செய்யும், வேறொன்றும் நடக்காது. அதனால் ஜாப் வொர்க் பில்லை எடுத்தோம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு: ஜாப் வொர்க் என்றால் நம் சரக்கை வெளியே கொடுத்துக் கூலிக்குச் செய்து வாங்குவது. நூலை நாங்கள் வாங்கி நிட்டிங்குக்குக் கொடுப்போம், அங்கிருந்து துணி டையிங் போகும், பிறகு காம்பாக்டிங், அப்புறம் பிரிண்டிங்கோ எம்பிராய்டரியோ. ஒவ்வொரு இடத்துக்கும் டிசி போட்டு அனுப்பி, ஒவ்வொரு இடத்திலிருந்தும் பில் வாங்க வேண்டும். பில் வந்ததும் டிசியோடு கிலோ ஒத்துப்போகிறதா, ரேட் பேசினதுதானா, பிராசஸ் லாஸ் (வேலையில் குறையும் எடை) ஒப்புக்கொண்ட அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடித்து, டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஏற்ற வேண்டும். எங்கள் அக்காவின் நாளில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். அது போக முதலாளி கேட்கும் கணக்கு, ஆடிட்டர் ஆபீஸ் கேட்கும் கணக்கு எல்லாம் சாயந்திரத்துக்கு மேலேதான்.

ரோபோவைத் தொடுவதற்கு முன்னால் நான் அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் செய்வதை ஒரு நோட்டில் எழுதினேன். இந்த முழு வேலையிலும் மதிப்பானது அந்த நோட்டுதான். ஒரு டையிங்காரர் கிரே வெயிட்டுக்கு (சாயம் போடும் முன் இருந்த எடை) பில் போடுவார், இன்னொருத்தர் ஃபினிஷ் வெயிட்டுக்கு (வேலை முடிந்த பின் எடை) போடுவார், இரண்டு பேரிடமும் ரேட் வேறு என்பதால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். ஆனால் கிலோவை டிசியோடு ஒப்பிட்டால் ஒருத்தர் கூடுதலாகப் போட்ட மாதிரியும் இன்னொருத்தர் துணியைக் குறைத்த மாதிரியும் தெரியும். ஷேடு சரியில்லை என்று திருப்பி அனுப்பிய லாட், அதே டிசி நம்பரில் இரண்டாவது தடவை வரும். அது டபுள் பில்லா, ரீபிராசஸா என்று பேப்பரில் எங்கும் இருக்காது. ஓட்டை, கறைக்குப் பிடித்த டெபிட்டை ஒரு பார்ட்டி அந்த பில்லிலேயே கழிப்பார், ஒருத்தர் அடுத்த பில்லில் கழிப்பார், ஒருத்தரிடம் நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும். இதையெல்லாம் எங்கேக்கா எழுதி வெச்சிருக்கீங்க என்று கேட்டேன். "எழுதறதுக்கு என்னுங்க இருக்குது, தெரிஞ்சதுதானுங்களே" என்றார்.

அந்த நோட்டை வைத்து ஒரு எக்ஸெல் போட்டோம். ஒரு பார்ட்டிக்கு ஒரு வரி: கிரேயா ஃபினிஷா, ரேட், லாஸ் அளவு, டெபிட் கழிக்கும் வழக்கம். நிஜத்தைச் சொன்னால் ரோபோ வராமலே போயிருந்தாலும் இந்த எக்ஸெல்லுக்காகவே பட்ட பாடு தகும். அக்கா ஒரு வாரம் நோம்பிக்கு ஊருக்குப் போனால் ஆபீசே நின்றுபோகும் நிலைமை அதோடு தீர்ந்தது.

அடுத்த தலைவலி பெயர். ஒரே பார்ட்டி டேலியில் மூன்று பெயரில் இருப்பார்: முன்னால் ஸ்ரீ போட்டு, ஸ்ரீ போடாமல், பின்னால் ஊர்ப் பெயர் சேர்த்து. மனுஷனுக்கு மூன்றும் ஒன்றுதான், ரோபோவுக்கு மூன்று ஆள். அதனால் பெயரை விட்டுவிட்டு 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பரைப் பிடித்தோம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், நமக்கு 33, அடுத்த பத்தும் பான் நம்பர். பானில் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி நம்பரில் ஆறாவது எழுத்து, பார்ட்டி யார் என்று சொல்லிவிடும். 'பி' என்றால் தனி ஆள், 'ஹெச்' என்றால் கூட்டுக் குடும்பம், 'எஃப்' பார்ட்னர்ஷிப், 'சி' கம்பெனி. நாங்கள் இதைச் செய்தபோது வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவில் முதல் இரண்டு வகைக்கு டிடிஎஸ் 1 சதவீதம், மற்ற இரண்டுக்கும் 2 சதவீதம், ஒரே பில் 30,000 தாண்டினாலோ வருஷத்துக்கு மொத்தம் 1 லட்சம் தாண்டினாலோ பிடிக்க வேண்டும். இதை ரோபோ கண் இமைக்காமல் செய்கிறது. 1 லட்சம் எந்த பில்லில் தாண்டுகிறது என்று கவனிப்பது மனுஷர்களுக்கு எரிச்சலான வேலை, அதற்கு ஒன்றுமே இல்லை.

டேலியில் ஏற்றுவதில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். விற்பனை வீடியோக்களில் ரோபோ திரையைப் பார்த்துக் கட்டம் கட்டமாக டைப் அடிப்பதைக் காட்டுவார்கள், பார்க்க நன்றாக இருக்கும். டேலி திரையில் அந்தக் கட்டங்களை ரோபோவால் தனித்தனியாக அடையாளம் காண முடிவதில்லை, கண்மூடித்தனமாக என்டர், டேப் என்று தட்டிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு அறிவிப்பு எட்டிப் பார்த்தால் போச்சு, கிலோ போய் ரேட் இருக்கும் இடத்தில் உட்காரும். அந்த வழியே வேண்டாம். ரோபோ பில் விவரங்களை ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலாக எழுதி வைக்கிறது, டேலி அதை இம்போர்ட் செய்துகொள்கிறது. பார்க்க வேடிக்கை இல்லை, ஆனால் தொகை இடம் மாறுவதில்லை.

கையெழுத்து பில்கள்? அவற்றை ரோபோவிடம் கொடுக்கவே இல்லை. அக்கா ஒரு சின்னப் படிவத்தில் நாலு விஷயம் தட்டுகிறார், மீதியை ரோபோ பார்த்துக்கொள்கிறது. நூற்றுக்கு நூறு தானாக நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

பில் ஏறியதும் மாதம் ஒரு தடவை 2பி ஒப்பிடல். சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் நமக்குத் தரும் பட்டியல்தான் 2பி. 2022 ஜனவரி 1 முதல் சப்ளையர் தாக்கல் செய்து நம் 2பியில் வந்தால்தான் வரி கிரெடிட் (பில்லில் நாம் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியும், அந்த 2பி ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி வரும், நாம் 3பி என்கிற மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. நடுவில் இருக்கும் அந்த நாட்களில் கணக்கு ஆபீஸ்களில் யாரிடமும் பேச முடியாது. போர்ட்டலில் கேப்சா (உள்ளே வருவது ஆள்தானா என்று சோதிக்கும் எழுத்துப் படம்) இருப்பதால் லாகின் செய்து எக்ஸெல்லை இறக்குவது அக்காதான். ரோபோவை வைத்து கேப்சாவை உடைக்க வழி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட விடுவது வசதி என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஆள் நுழைந்து ஃபைலை எடுத்துக் கொடுக்கட்டும், அலுப்பான ஒப்பிடலை அது செய்யட்டும்.

ஒப்பிடலில் பில் நம்பர்தான் வில்லன். பில்லில் சாய்கோடு, பூஜ்யம், வருஷம் எல்லாம் சேர்த்து 0147/23-24 என்று இருக்கும், தாக்கலில் வெறும் 147 என்று போட்டிருப்பார்கள். நாங்கள் ஜிஎஸ்டி நம்பரும் வரித் தொகையும் ஒத்துப்போனால், ஒரு ரூபாய் ரவுண்டிங் வித்தியாசம் வரை விட்டு, நம்பரில் முன்பூஜ்யத்தையும் வருஷத்தையும் கழித்துப் பார்க்கச் சொன்னோம். அப்போதும் சேராததைத் தானாக முடிவு செய்யாமல் "கேட்க வேண்டியது" என்று தனி ஷீட்டில் போடச் சொன்னோம். வராத பில்லுக்கெல்லாம் உடனே பார்ட்டியிடம் சண்டைக்குப் போகவும் கூடாது. 5 கோடிக்குள் டர்ன்ஓவர் உள்ள சின்ன யூனிட்கள் பல மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவை, நடு மாதங்களில் பில்லை ஏற்றாமல் விட்டால் காலாண்டு முடிந்த பிறகுதான் நமக்குக் காட்டும். யார் யார் அப்படி என்று எக்ஸெல்லில் இன்னொரு பத்தி சேர்த்ததும் அந்த ஷீட் பாதியாகச் சுருங்கியது, பார்ட்டிகளும் எங்கள் போனை மறுபடி எடுக்க ஆரம்பித்தார்கள்.

2024 மார்ச்சில் வருமான வரியில் 43பி(ஹெச்) பயம் வந்தது நினைவிருக்கும். பதிவு செய்த குறு, சிறு யூனிட்டுகளுக்கு ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தராவிட்டால், பணம் தருகிற வருஷத்தில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். ஜாப் வொர்க்கில் முக்கால்வாசி இந்த யூனிட்டுகள்தான். பில் எல்லாம் தேதியோடு ஏறியிருந்ததால் ரோபோவிடம் நாள் கணக்குப் பட்டியல் எடுப்பது சின்ன வேலையாகிவிட்டது. முதலாளிக்கு ரோபோ மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் அவருக்கு அது ஏதோ எக்ஸெல் வித்தை.

அக்காவுக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "எல்லாத்தையும் அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டு நான் ஊட்டுக்குப் போறதுங்களா" என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. முதலாளியைக் கூட்டி வந்து, ஆளைக் குறைக்கப் போவதில்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் நோட்டின் மீதிப் பக்கங்கள் நிரம்பின. இதைச் செய்யாமல் ரோபோ வாங்க நினைக்கிறவர்கள் நோட்டில் பாதி விஷயம் வராது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், சொல்லாமல் விடுகிறவர்கள் மேல் தப்பும் சொல்ல முடியாது. ரேட் எக்ஸெல்லைத் திருத்தும் உரிமை இப்போது அக்காவிடம் மட்டும்தான். பார்ட்டி ரேட் ஏற்றினால் அவர் மாற்றினால்தான் ரோபோவுக்குத் தெரியும், நான் கூட அதைத் தொடுவதில்லை.

போன மாதம் அவரே ஒரு திருத்தம் கேட்டார். "கேட்க வேண்டியது" ஷீட் தேதி வரிசையில் வருகிறது, அதைத் தொகை வரிசையில் மாற்றிக் கொடுங்கள் என்றார். பழைய பில்லை முதலில் முடிப்பதுதானே முறை என்றேன். "பெரிய தொகையத்தானுங்க மொதலாளி கேப்பாரு, சின்னது நிக்கட்டும்" என்றார். மாற்றிக் கொடுத்தாகிவிட்டது. அடுத்து எம்பிராய்டரி பில்களை எடுக்கப் போகிறோம். எம்பிராய்டரிக்காரர்களில் பாதிப் பேர் பில்லை வாட்ஸ்அப்பில் போட்டோவாகத்தான் அனுப்புகிறார்கள், அதுவும் தலைகீழாக.