முழங்கை விலாவை விட்டுப் போகக் கூடாது

போன சனிக்கிழமை டேக்வாண்டோ வகுப்பு முடிந்து, நனைந்துபோன ஹோகுக்களை (நெஞ்சையும் வயிற்றையும் மூடும் கவசங்களை) ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பிள்ளை வந்து கேட்டாள்: "அக்கா, ஒலிம்பிக்கில விளையாடுறவையள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதானே நிக்கினம்? எங்களை மட்டும் ஏன் கையைத் தூக்கு, தூக்கு எண்டு கத்துறீங்கள்?"

அவளுக்கு 13 வயது. நீலப் பட்டி. ஃபோனில் நிறைய வீடியோ பார்க்கிறவள். "அவையள் பெரிய ஆக்கள், நீ சின்னப் பிள்ளை" என்கிற மாதிரி ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு தெஹிவளைக்குப் போகும்போது மனது கேட்கவில்லை. அவள் கண்ணால் பார்த்ததைத்தான் கேட்டாள். பார்த்ததில் பிழையும் இல்லை. அவளுக்கு ஒழுங்கான பதில் ஒன்று கடன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சண்டைப் பயிற்சி தொடங்கியிருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும், வெள்ளவத்தை ஹோலின் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா அப்பாமாருக்கும் சேர்த்து.

முதலில் அவள் பார்த்தது ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். ஒலிம்பிக்கில் விளையாடும் டேக்வாண்டோவில் முகத்தில் கையால் குத்தக் கூடாது. குத்தினால் கம்ஜோம் (தண்டனை), எதிராளிக்கு 1 புள்ளி போய்விடும். ஹோகுவில் குத்தலாம், அதற்கு 1 புள்ளிதான், அதையும் நடுவர்கள் கண்ணால் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. சுழன்று உதைத்தால் உடம்புக்கு 4, தலைக்கு 5. அதாவது முகத்துக்கு நேராகக் கை வரவே வராது, வருவதெல்லாம் கால். கால் வர நேரம் எடுக்கும், தூரமும் வேண்டும். குத்துச்சண்டைக்காரர் மாதிரி இரண்டு முஷ்டியையும் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் வயிறு முழுக்கத் திறந்து கிடக்கும், காலைத் தூக்கும்போது சமநிலையும் போய்விடும். அதனால்தான் அவர்களின் கை கீழே இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. தாய்லாந்தின் பனிபாக் வோங்பட்டனாகிட் டோக்கியோவிலும் பாரிஸிலும் 49 கிலோ பிரிவில் தங்கம் எடுத்தவர். அந்த மட்டத்தில் விளையாடுகிறவர்களுக்கு முன்னால் நிற்கும் காலே வேலி மாதிரி. எதிராளி ஒரு அடி எடுத்து வைக்க முன் அந்தக் கால் எழுந்து நிற்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கால் இன்னும் வரவில்லை. வேலி போட முன்னம் கதவைத் திறந்து வைக்க முடியாது, அவ்வளவுதான்.

சரி, அப்படியென்றால் கையைத் தூக்கு என்று கத்துவது சரிதானே? இந்த இடத்தில்தான் நான் என்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்குப் பழக்கிய சேர் சிங்களம் பேசுகிறவர். பதினைந்து வருடத்துக்கு முன் நான் கேட்டுப் பழகிய சத்தம் "அத் உஸ்ஸன்ன!" கையைத் தூக்கு என்று அர்த்தம். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் இப்போதும் என் தோள் தானாக எழும். வேறொரு கழகப் பிள்ளைகளோடு ஒரு நட்புச் சண்டையில் இரண்டாவது சுற்று. எதிரில் என்னைவிட ஒரு சாண் உயரமான பெண். அவள் தலைக்கு உதைக்கிற மாதிரி முழங்காலை எடுத்தாள். பின்னாலிருந்து "அத் உஸ்ஸன்ன!" நான் இரண்டு கையையும் காது வரை தூக்கினேன். முஷ்டியோடு சேர்ந்து முழங்கையும் போனது. அவளுடைய கால் பாதி வழியில் இறங்கி, கக்கத்துக்குக் கீழே, இடது விலாவில் வந்து விழுந்தது. ஹோகு போட்டுத்தான் இருந்தேன். இருந்தும் மூச்சு நின்றது, அப்படியே குந்திவிட்டேன். எலும்பு உடையவில்லை. ஆனால் இரண்டு கிழமை இடப்பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை, பஸ்ஸில் மேல் கம்பியை வலது கையால் மட்டும்தான் பிடிக்க முடிந்தது, தும்மல் வந்தால் பயம்.

அன்றைக்கு சேர் என்னைப் பக்கத்தில் இருத்தி, என் முழங்கையைப் பிடித்து விலாவில் அமர்த்தி, "இது இங்கேயே இருக்கட்டும். முஷ்டி எங்கே போனாலும் போகட்டும்" என்றார். அவர் அதைச் சொல்லி இவ்வளவு காலம். நானும் இப்போது பிள்ளைகளிடம் "கையைத் தூக்கு" என்றுதான் கத்திக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் கேட்கிறபடி செய்கிறார்கள்: முஷ்டி மேலே, முழங்கை வெளியே, விலா திறந்தபடி. பிழை அவர்களிடம் இல்லை.

ரியூசனுக்கு ஓடுகிற பிள்ளை கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுமே, அந்தக் கை தான் எனக்கு வேண்டும். கொப்பி விழக் கூடாது. அதே நேரம் முழங்கைக்குக் கீழே கை சும்மா ஆடலாம். முழங்கை பிணைச்சல் மாதிரி, முன்கை கதவு மாதிரி. பிணைச்சல் அசையாமல் இருந்தால் கதவைக் கன்னத்துக்கும் திறக்கலாம், இடுப்புக்கும் இறக்கலாம். இரண்டுக்கும் ஒரு சாண் தூரம்தான். முழங்கையே வெளியே போய்விட்டால் அதைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் கால் வந்துவிடும்.

நான் நிற்பது இப்படி. இடது கால் முன்னால். இடது முஷ்டி தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, உடம்பிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில். வலது முஷ்டி தாடைக்குப் பக்கத்தில், வலது முழங்கை வயிற்றின் ஓரத்தில் ஹோகுவைத் தொட்டபடி. விரல்களை இறுக்குவதில்லை, கைக்குள் ஒரு தேசிக்காய் இருக்கிற அளவுக்கு மூடியிருக்கும். இறுக்கினால் தோள் இறுகும், தோள் இறுகினால் கால் தாமதிக்கும். 2 நிமிடச் சுற்றில் முதல் 40 செக்கனிலேயே தோள் நோகத் தொடங்கினால், முஷ்டியை இறுக்கிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

விரலை விரித்துக்கொண்டு நிற்காதீர்கள். என் வலது சுண்டு விரல் முழுவதாக நீளாது. விரித்த கையால் ஒரு உதையைத் தட்டிவிடப் போய் வந்தது. விரித்த கை துணியைப் பிடிக்கவும் பார்க்கும், பிடித்தால் கம்ஜோம்.

இனி எதிரில் நிற்பவர் எந்தக் காலை முன்னால் வைத்திருக்கிறார் என்பது. இதைப் பிள்ளைகள் பார்ப்பதே இல்லை. நான் இடது கால் முன்னால், அவரும் இடது கால் முன்னால் என்றால், அவருடைய பலமான பின்கால் சுற்றி வந்து என் இடப்பக்கத்தில், முன்னால் இருக்கிற கையில் விழும். அவருடைய முன்கால்தான் என் வயிற்றுக்கு வரும், அது வேகம் ஆனால் பாரம் குறைவு. அவர் வலது காலை முன்னால் வைத்தால் எல்லாம் மாறிவிடும். இருவருடைய நெஞ்சும் ஒரே பக்கம் திறந்திருக்கும். அவருடைய பின்காலால் வரும் தொல்லியோ சாகி, அதாவது சுற்றி வரும் உதை, நேரே என் வயிற்றுக்கு. அப்போது காப்பாற்றுவது பின்னால் இருக்கிற வலது முழங்கை. தாடைக்குப் பக்கத்தில் முஷ்டி, வயிற்றோரத்தில் முழங்கை என்று சொன்னேனே, அது இதற்காகத்தான். எதிராளி கால் மாற்றினால் உடனே உங்கள் பின் முழங்கையை நினையுங்கள். வேறு ஒன்றும் நினைக்க வேண்டாம்.

உதையைக் கையில் வாங்குவதற்கும் ஒரு இடம் இருக்கிறது. முழங்கைக்கு மூன்று நான்கு விரற்கடை கீழே, முன்கையின் வெளிப்புறச் சதை. மணிக்கட்டில் வாங்கக் கூடாது. கையை உடம்போடு ஒட்டி வைத்து வாங்க வேண்டும். இப்போதைய ஹோகுவுக்குள்ளும் காலில் போடும் சொக்ஸிலும் சென்சர் இருக்கிறது. சொக்ஸ் ஹோகுவில் போதிய பலத்தோடு பட்டால்தான் புள்ளி. இடையில் முன்கை கிடந்தால் நோகும், ஆனால் புள்ளி விழாது. கையை நீட்டி உதையைத் தேடிப் போகிறவர்களுக்குத்தான் முன்கை எலும்பில் அடிபடுகிறது, போன கைக்குப் பின்னால் வயிறும் திறந்துவிடுகிறது. உதை வந்து கையில் படட்டும், கை உதையைத் தேடிப் போக வேண்டாம்.

முழங்கையின் கூர்முனையை மட்டும் எதிராளியின் பாதத்துக்கு நேரே நீட்டாதீர்கள். பாதத்தின் மேற்பக்க எலும்புகள் மெல்லியவை. எதிரில் நிற்பதும் எங்கள் பிள்ளைதான், அந்தப் பிள்ளையும் திங்கட்கிழமை சப்பாத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டும்.

நேரியோ சாகிக்கு இதெல்லாம் போதாது. கால் தலைக்கு மேலே போய்க் கோடரி மாதிரி இறங்கும். அதற்குக் கீழே கையை விறைப்பாகப் பிடித்தால் கைதான் வாங்கும். ஒன்று உள்ளே நுழைந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் போய்விடுங்கள். கை அங்கே துணைக்கு மட்டும்.

இப்போது அவளுடைய கேள்விக்கு வருகிறேன். கை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தூரம்தான் சொல்லும். எதிராளியின் கால் எட்டாத தூரத்தில் நிற்கும்போது கையைத் தொங்கப் போடலாம், தோளை ஆற்றலாம். அவள் வீடியோவில் பார்க்கிற தொங்கும் கை பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான். ஒரு அடி உள்ளே வந்ததும் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சத்தத்தை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, காலைப் பார்க்காமல் முழங்கையை மட்டும் பார்க்கச் சொல்லுகிறேன். கால் எழும் அந்த நொடியில் முழங்கை விலாவுக்கு வந்திருக்கும்.

நெருங்கி ஒட்டிக்கொண்ட பிறகு என்ன என்பதுதான் எனக்கு உண்மையில் கவலை தருகிற இடம். நெஞ்சோடு நெஞ்சு முட்டியதும் பிள்ளைகள் ஆறுதலாக மூச்சு விடுகிறார்கள், சண்டை நின்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். நிற்கவில்லை. அந்த நெருக்கத்திலிருந்தே கால் தோளுக்கு மேலால் வளைந்து வந்து தலைக்கவசத்தில் படும். பலமாகப் படத் தேவையும் இல்லை, 3 புள்ளி போய்விடும். ஒட்டி நிற்கும்போது ஒரு முன்கை இருவருக்கும் நடுவில், மற்றக் கை காதுக்குப் பக்கத்தில். நடுவர் "கல்யோ" (பிரியுங்கள்) சொல்லும் வரை அந்தக் கை இறங்கக் கூடாது. வெள்ளவத்தை ஹோலில் இதற்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது: கடற்கரை ரயில் போகும்போது யார் என்ன சொன்னாலும் கேட்காது. அந்த அரை நிமிடம் நான் கத்துவதை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்கிறேன். கத்தாதபோது யாருடைய கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று தெரியும்.

ஒரு விஷயம், சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பின் முறையில் பழகுகிற பிள்ளைகளுக்கு நான் சொன்ன உயரம் பொருந்தாது. அங்கே கையாலும் முகத்தைத் தாக்கலாம், அதனால் இரண்டு கையும் எப்போதும் மேலே இருக்க வேண்டும். முழங்கை பற்றிச் சொன்னது அவர்களுக்கும் சரி.

பயிற்சிக்கு வருகிறேன். வீட்டிலேயே செய்யலாம். ஒரு சோடிப் பழைய சொக்ஸை இரண்டு உருண்டையாகச் சுருட்டி, இரண்டு பக்கமும் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவோ தம்பியோ பழைய பேப்பரைக் குழலாகச் சுருட்டி, உங்கள் வயிற்றையும் விலாவையும் தலையையும் ஒழுங்கில்லாமல் மெல்லத் தொடட்டும். நீங்கள் முன்கையை மட்டும் திருப்பித் தடுக்க வேண்டும், உருண்டை விழக் கூடாது. 1 நிமிடம் செய்து, 1 நிமிடம் ஆறி, மூன்று தடவை. தலைக்கு வரும்போதுதான் உருண்டை விழும், அதுவும் பின் பக்க உருண்டை. விழுந்தால் நிறுத்தாமல் எடுத்து வைத்துத் தொடருங்கள். நேற்றிரவு என் அண்ணாவின் மகனோடு செய்து பார்த்தேன், முதல் நிமிடத்தில் எனக்கே நான்கு தடவை விழுந்தது, மூன்றாவதில் ஒன்று.

வருகிற சனிக்கிழமை வகுப்பில் நான் "கையைத் தூக்கு" என்று கத்த மாட்டேன். "முழங்கை" என்று மட்டும் சொல்வேன். மறந்து பழையபடி கத்தினால் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை என்னைத் திருத்தட்டும். எல்லோரும் ஆளுக்கு ஒரு சோடிச் சொக்ஸ் கொண்டு வாருங்கள், தோய்த்ததாக இருக்கட்டும். பேப்பர் நான் கொண்டு வருகிறேன்.